மடைவாயில் நின்ற இராசமலர்

என் தங்கை இராசமலர் தன் பலத்துக்கு மிஞ்சி வென்றவை இவை. ஒரு நாம்பன் கன்று, பதினெட்டாவது தரத்தில். நான், வைக்கோல் போரடியில், முப்பத்தொரு தரம். தன்னைவிட அறுபத்துமூன்று இறாத்தல் பாரம் கூடிய ஒரு மனிதர், ஒரே காலையில் இரண்டு தரம். அந்தக் காலையின் தண்ணீர் முறை. அதன் பின்னால் மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும். கடைசியாக ஆறு எழுத்து.

இந்த எண்களை நான் ஊகித்து எழுதவில்லை. விழுந்தவள் நான் என்பதால் முப்பத்தொன்று எனக்கு நன்றாகவே தெரியும். பாரம், சங்கக் கடையில் நெல் நிறுக்கும் தராசில் ஆட்கள் விளையாட்டாக ஏறி நின்று பார்த்தது. மலர் தொண்ணூற்றெட்டு. வீரகத்தி அண்ணை நூற்றறுபத்தொன்று.

நான் அவளுக்கு நான்கு வயது மூத்தவள், கமலாசனி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அவள் படிக்கவில்லை. எங்கள் அம்மா பாயில் கிடந்த மூன்று வருடமும் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஏற்கெனவே பதிந்திருந்தது, அவளுடையது பதியவில்லை. அதனால் அவள் இருந்தாள். அம்மா போன பிறகு அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

1953ஆம் ஆண்டு பங்குனியில் அப்பா பரமலிங்கத்துக்கு வன்னியில் ஸ்கந்தபுரத்தில் குடியேற்றக் காணி கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இருந்தது, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கில், அரைப் பரப்புத் தோட்டமும் ஒரு பங்குக் கிணறும். இங்கே வயல் மட்டும் மூன்று ஏக்கர். அப்பா முதல் வேலையாக, பக்கத்துப் பழைய ஊர் மாட்டுப் பட்டியிலிருந்து ஒரு நாம்பன் கன்று, அதாவது இளங்காளை, வாங்கினார். குறி சுட்டுத்தான் கொண்டுவர வேண்டும். சுடுவதற்கு மாட்டை விழுத்த வேண்டும்.

யாழ்ப்பாணத்து மாடு தொழுவத்தில் கட்டி வளர்ந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் வரும். வன்னி மாடு காட்டில் மேய்ந்து வளர்வது. அப்பாவுக்கு அது தெரியாது. கயிற்றைக் கையில் சுற்றி, குதிக்காலை மண்ணில் ஊன்றி, பின்பக்கமாகச் சாய்ந்து இழுத்தார். நாம்பன் ஒருமுறை தலையை ஆட்டியது. அப்பா முள்ளுப் பற்றைக்குள் போய் முகங்குப்புற விழுந்தார். பழைய ஊர்க்காரர் வேலியில் சாய்ந்து சிரித்தார்கள்.

அவர்களில் ஒருவர் மயில்வாகனம். எங்கள் வாய்க்காலுக்கு வயல் விதானையும் அவர்தான். தண்ணீர் முறை பார்ப்பது, வரம்புச் சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மெலிந்த, உயரம் குறைந்த மனிதர். அவர் நாம்பனை இழுக்கவில்லை. அது ஓடிய பக்கமே தானும் இரண்டு அடி கூட ஓடினார். ஒரு கையைத் தாடையின் கீழே கொடுத்து மூஞ்சியை மேலே திருப்பினார். மற்றக் கை கொம்படியில். இடுப்பை அதன் தோள் சப்பையில் வைத்துச் சாய்ந்தார். நாம்பன் தானாகவே படுப்பதுபோல விழுந்தது.

மலர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"அக்கா, அந்தாள் இழுக்கேல்லை. கூடப் போனவர்."

அடுத்த நாள் முதல் எங்கள் வீட்டு நாம்பன் கன்றோடு அவள் மல்லுக்கட்டத் தொடங்கினாள். பதினேழு தரம் அவளைத்தான் அது விழுத்தியது. பிழை எங்கே என்று நான் பார்த்தேன். கன்று திமிறும்போது பயத்தில் தன்னையறியாமல் பின்னால் இழுத்துவிடுவாள். அப்பாவின் பிழைதான் அது. பதினெட்டாவது தரம் அதனோடு சேர்ந்து ஓடினாள். கன்று விழுந்தது. மலர் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

அது அந்த மட்டில் நின்றிருக்கும். ஆனால் 1954 ஆனியில் விறகு பொறுக்கப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கன்றோடு படித்ததெல்லாம் அவளுக்கு அப்போது மறந்துபோனது. பின்னால் இழுத்தாள், இழுக்க இழுக்க அவன் பிடி இறுகியது. கடைசியில் அவன் கையைக் கடித்துவிட்டு ஓடி வந்தாள். மணிக்கட்டு ஆறு நாள் வீங்கியிருந்தது. ஏழாம் நாள் பின்னேரம் என்னை வைக்கோல் போரடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீ என்ரை கையைப் பிடி," என்றாள். "உண்மையாப் பிடிக்கவேணும்."

இப்படித்தான் என் முப்பத்தொரு விழுகையும் தொடங்கின. பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு உதவட்டும் என்று, நாங்கள் கண்டுபிடித்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் எதிர்த்து இழுக்கக் கூடாது. அவர் இழுக்கும் பக்கமே ஒரு அடி வேகமாக வைக்க வேண்டும். எதிர்த்து இழுப்பாள் என்று எண்ணித்தான் அவர் தன் பாரத்தைப் பின்னால் வைத்திருப்பார். அந்த அடியை அவர் காலுக்கு வெளிப்பக்கமாக வைத்து, மற்றக் காலை அவர் குதிக்காலுக்குப் பின்னால் கொளுவி, திறந்த கையால் நெஞ்சில் தள்ள வேண்டும். முதல் ஒன்பது தரம் நான் விழவே இல்லை. அவள் காலை என் காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டு தள்ளினாள். காலைப் பின்னால் மாற்றச் சொன்னவள் நானே. அதற்குப் பிறகு நின்றதாக எனக்கு நினைவில்லை.

முகத்துக்குக் கிட்ட வந்தால், நாம்பனுக்குச் செய்ததுதான். உள்ளங்கையைத் தாடையின் கீழே கொடுத்து, முகத்தை மேலேயும் ஒரு பக்கமாகவும் திருப்ப வேண்டும். தலை திரும்பிய பக்கம் உடம்பு போகும். இதை மிக மெதுவாகப் பழக வேண்டும். எனக்கு இரண்டு நாள் கழுத்து நொந்தது.

பின்னால் வந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தால், திமிறாமல் குனிய வேண்டும். குனிந்தால் உங்கள் கால்களுக்கு நடுவே அவருடைய கால் ஒன்று தெரியும். குளம்பு பார்க்க மாட்டின் காலை எடுப்பதுபோல் அந்தக் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்க வேண்டும். அவர் பின்பக்கமாகக் குந்திவிடுவார்.

விழுகிறவள் நாடியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டால் பின்மண்டை அடிபடாது. இதை நான் ஐந்தாவது விழுகையில் தெரிந்துகொண்டேன். விழுத்திய பிறகு நின்று பார்க்கக் கூடாது, ஓட வேண்டும். இதுதான் எங்கள் கடைசி விதி. அந்த விதிதான் பிறகு உதவாமல் போனது.

1955இல் எனக்கும் யோகநாதனுக்கும் கல்யாணம் நடந்தது. நாலு காணி தள்ளி அவருக்கும் குடியேற்றக் காணி இருந்தபடியால் நான் அங்கே போனேன். அப்பாவோடு வயலில் நின்றவள் மலர். 1957 தையில் அப்பா காய்ச்சலில் இறந்தார். தனக்குப் பிறகு காணிக்கு உரித்தாளியாக மலரின் பெயரைத்தான் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு என் புருஷனின் காணி இருந்தபடியால் சட்டப்படி இன்னொன்றுக்கு உரிமை இல்லை. உரித்தை விசாரித்து முடிவு சொல்லும் காணிக் கச்சேரி ஆவணியில், அதாவது ஓகஸ்டில், கூடும் என்று அறிவித்தார்கள். அதுவரை வயல் தரிசாகவோ பாழாகவோ போகாமல் விளைந்திருக்க வேண்டும். போனால் காணி வேறு ஆளுக்கு.

அந்த வேறு ஆள் யாரென்று எங்களுக்குத் தெரியும். வீரகத்தி அண்ணையின் காணி எங்கள் காணிக்கு அடுத்தது. அவருடைய தம்பிக்குக் காணி இல்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் பாடையைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் தம்பியைப் பக்கத்தில் குடியிருத்த வேண்டும் என்ற எண்ணம் அவர் மண்டைக்குள் ஏறிவிட்டது.

மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் குறைவு. எட்டு நாளுக்கு ஒரு முறைதான் ஒரு காணிக்குத் தண்ணீர் வரும். அதற்கு விதானையார் ஒரு விதி வைத்திருந்தார். விடிய வந்து, வாய்க்கால் கரையில் ஒரு தடி நட்டு, அதன் நிழலில் இரண்டு கோடு கீறுவார். நிழல் முதற் கோட்டிலிருந்து இரண்டாம் கோட்டுக்குப் போகும்வரை தண்ணீர் முறைகாரருடையது. ஆனால் முறைகாரர் தாமே மடைவாய்க்குள் நிற்க வேண்டும். காலை வெளியே எடுத்தால் முறை முடிந்தது; அடுத்தவர் மடையைத் திறக்கலாம். கூலியாளை நிறுத்திவிட்டு வீட்டில் படுத்திருந்தவர்களால் வந்த சண்டைகளுக்குப் பிறகு வைத்த விதி அது. எங்களுக்கு அடுத்த முறை வீரகத்தி அண்ணைக்கு.

ஆனித் தொடக்கத்தில் வந்த முறையில், மலரின் பசு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்று அவர் வந்து சொன்னார். அவள் ஓடினாள். பசு வேலியோரம் அசைபோட்டுக்கொண்டு நின்றது. திரும்பி வரும்போது தண்ணீர் அவர் வயலில்.

அதற்கு அடுத்த முறையில் பொய்யும் சொல்லவில்லை. வந்து, கையைப் பிடித்து, கரைக்கு இழுத்து விட்டார். அவள் ஒன்றும் செய்யவில்லை. காரணம் நான். முதல் நாள் பின்னேரம் என் வீட்டுக் குசினி அடுப்படியில் வைத்து நான் அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: அவர் வயதுக்கு மூத்தவர், அப்பாவைத் தூக்கினவர், அவர் மேல் கை வைக்காதே, ஊர் உன்னைத்தான் கதைக்கும். அவள் என் சொல்லைக் கேட்டாள். நான் சொன்னதைக் கேட்டதால் தண்ணீர் போனது. வயல் கை புகும் அளவுக்கு வெடித்தது. இன்னொரு முறை போனால் பயிர் மிஞ்சாது என்று என் புருஷன் சொன்னார்.

மூன்றாம் முறை ஆனி இருபத்தோராம் திகதி, வெள்ளிக்கிழமை. விதானையார் தடியை நட்டு, கோடு கீறிவிட்டுத் தன் சைக்கிளில் மேல் வாய்க்காலுக்குப் போனார். நான் கஞ்சிச் செம்போடு போனபோது நிழல் பாதித் தூரம் போயிருந்தது. மலர் முழங்கால் அளவு தண்ணீரில் மடைவாய்க்குள் நின்றாள். வீரகத்தி அண்ணை கரையால் வந்துகொண்டிருந்தார்.

அவரைக் கண்டதும் அவள் செய்த முதல் வேலை, கையில் இருந்த மண்வெட்டியைத் தூர வரம்பில் எறிந்தது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆயுதம் இல்லாமல் நிற்கிறாளே என்றுதான் நினைத்தேன்.

அவர் இறங்கி வந்து நின்றார்.

"பிள்ளை, வெயில் ஏறுது. வீட்டை போ."

"நிழல் இன்னும் வரேல்லை அண்ணை."

"உனக்கேன் இந்த வயல்? நீ ஒருத்தன்ரை வீட்டை போற பெட்டை."

"போகேக்கை சொல்லிப்போட்டுப் போறன்."

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். குதிக்காலைச் சேற்றில் ஊன்றி, பின்பக்கமாகச் சாய்ந்தார். அப்பா நாம்பனை இழுத்த அதே மாதிரி. அவரும் யாழ்ப்பாணத்தார்தானே.

மலர் என்னைப் பார்த்தாள். நான் இருபது அடி தள்ளி நின்றேன். அவளுக்கு உதவியாக நான் மடைவாய்க்குள் இறங்கினாலும், கூலியாள் நின்ற கணக்கில் முறை கெடும். அவள் கண் கேட்டதெல்லாம் ஒரு சொல்.

"மலர், விழுத்து," என்றேன்.

அவள் அவரோடு போனாள். ஒரே அடி. இடது கால் அவர் குதிக்காலுக்குப் பின்னால் போனதும் கை நெஞ்சில் பட்டதும் ஒன்றாக நடந்தன. தண்ணீர் இரண்டு பக்கமும் சிதறியது. வீரகத்தி அண்ணை முதுகு முழுக்கச் சேற்றில் கிடந்தார்.

எங்கள் விதிப்படி அவள் ஓட வேண்டும். ஓடினால் தண்ணீர் போகும். அவள் ஓடவில்லை. விழுத்தும்போது ஒரு கால் மடைவாயின் ஓரக் கல்வரை வந்திருந்தது. அதைத் தூக்காமலே பின்னால் இழுத்து, பழைய இடத்தில் வந்து நின்றாள்.

அவர் எழும்பினார். முகம் சிவந்திருந்தது. இம்முறை சுற்றிக்கொண்டு பின்னால் வந்து, இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். தூக்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். மலர் குனிந்தாள். தண்ணீருக்குள் அவர் கணுக்காலைத் தேடிப் பிடிக்க ஒரு மூச்சு நேரம் சென்றது. அந்த ஒரு மூச்சுத்தான் எனக்கு நீண்டது. பிறகு அவள் இரண்டு கையாலும் தூக்கினாள். அவர் குந்தியபடியே தண்ணீருக்குள் போனார்.

மூன்றாம் தரம் அவர் வரவில்லை. தண்ணீருக்குள்ளேயே இருந்து, தலையில் ஒட்டியிருந்த பாசியை எடுத்து எறிந்தார்.

"மண்வெட்டியாலை அடிச்சவள் எண்டு சொல்லுவன்."

"மண்வெட்டி அங்கை கிடக்குது அண்ணை. காயவும் காய்ஞ்சு போச்சு." மலருக்கு மூச்சு வாங்கியது. "சொல்லுறதெண்டால் ரெண்டு தரம் எண்டு சரியாச் சொல்லுங்கோ."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் எழும்பி, வேட்டியைப் பிழிந்துகொண்டு, கரையில் ஏறி இருந்தார். போகவும் இல்லை, கிட்ட வரவும் இல்லை.

நிழல் இன்னும் நாலு விரல் போக வேண்டியிருந்தது. மலர் ஒரு ஈர்க்குத் துண்டை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே எட்டி, ஈர வரம்பில் ஏதோ கீறத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்கு அது தெரிய வந்தது. மாசியில் ஒரு தகரத் துண்டில் அவளுடைய பெயரை ஆணியால் கீறிக் கொடுத்திருந்தேன். கச்சேரியில் பெருவிரலைப் பிடித்து மையில் அமத்துவார்களே, எனக்கு அது வேண்டாம் அக்கா என்று அவள் கேட்டதற்காக. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, நானும் மறந்துபோனேன். அவள் அதை இடுப்பில் செருகி வந்து, நகர முடியாமல் நிற்கும் இந்த மடைவாயில்தான் படித்திருக்கிறாள். அன்று எட்டிக் கீறியதில் 'ரா' இரண்டு தரம் அழிந்தது. மூன்றாம் தரம் சரியாக வந்தது.

விதானையார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தடியைப் பார்த்தார், மலரின் காலைப் பார்த்தார், வரம்பில் ஈரமில்லாமல் கிடந்த மண்வெட்டியைப் பார்த்தார். கடைசியாக வீரகத்தி அண்ணையின் முதுகைப் பார்த்தார்.

"ஏன் வீரகத்தி, பட்டிக்குள்ளை படுத்தனீரோ?" என்றார்.

"சறுக்கிப் போட்டுது."

"ஓம், இந்த இடம் சறுக்கும். நாம்பனுக்கும் சறுக்கும்." அவர் மலர் பக்கம் திரும்பவில்லை. "முறை முடியேல்லை. நிழல் வரட்டும்."

நிழல் இரண்டாம் கோட்டைத் தொடும்வரை நாங்கள் நாலு பேரும் அப்படியே இருந்தோம். தொட்டதும் மலர் காலை வெளியே எடுத்தாள். மடையை வீரகத்தி அண்ணையே திறந்தார்; அது அவருடைய முறை.

அந்தப் பயிர் பிழைத்தது. நான் அந்தக் கிழமைதான் சரியாக நித்திரை கொண்டேன். ஆடிக் கடைசியில் அறுத்து, சூடு மிதித்து நெல்லைப் பிரித்தோம். அதுவரை வந்த முறை ஒன்றையும் எவரும் கெடுக்கவில்லை. ஆனாலும் என் பயம் முழுக்கப் போகவில்லை. வீரகத்தி அண்ணை கச்சேரியில் மறுப்புச் சொல்லப் பெயர் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு பெட்டை வயதுக்கு மூத்தவரை அடித்தாள் என்று பலபேர் முன்னால் சொன்னால், அதிகாரி என்ன நினைப்பார்?

கச்சேரி கிளிநொச்சியில் நடந்தது. காணி அதிகாரி மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். வாங்குப் பலகைகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். எங்கள் காணி இலக்கத்தை வாசித்ததும் வீரகத்தி அண்ணை எழும்பினார். பயிர் சரியாகச் செய்யவில்லை என்றார். பிறகு, அந்தப் பெட்டை அடங்காதவள், ஆம்பிளையில் கை வைத்தவள் என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மலரைப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு இறாத்தல், அப்பாவின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வாங்கிய வெள்ளைச் சேலையில்.

"இந்தப் பிள்ளையோ? ஆரில் கை வைச்சது?"

வீரகத்தி அண்ணை தன்னைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். ஸ்கந்தபுரம் முழுக்க அங்கே இருந்தது.

"என்ன நடந்தது எண்டு விபரமாச் சொல்லுங்கோ, எழுத வேணும்," என்றார் அதிகாரி.

வாங்கில் ஒருவர் இருமினார். இன்னொருவர் சிரிப்பை அடக்கச் சால்வையால் வாயைப் பொத்தினார். வீரகத்தி அண்ணை தன் பாதத்தைப் பார்த்தார்.

"ஒண்டும் நடக்கேல்லை ஐயா. நான்தான் சறுக்கி விழுந்தனான்."

என் நெஞ்சில் எட்டு மாதமாக இருந்த கல் அந்த ஒரு வசனத்தோடு இறங்கியது. அதிகாரி விதானையாரிடம் பயிரைப் பற்றிக் கேட்டார். விதானையார் எழும்பி, அறுத்துச் சூடும் மிதித்தாயிற்று, முறைக்கு முறை பிள்ளை தானே மடைவாயில் நின்றது, நானே கண்டேன் என்றார். மலர் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி நெல்லை மேசையில் வைத்தாள். அதிகாரி இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, கடுதாசியில் எழுதினார்.

எழுதுவினைஞர் வழக்கம்போல மைப் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் தள்ளினார். மலர் அதை மூடித் திருப்பித் தள்ளினாள். மரியாதையாகத்தான் தள்ளினாள்.

"பேனை தாங்கோ ஐயா," என்றாள்.

அவள் எழுத எடுத்த நேரத்தில் எழுதுவினைஞர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். அதிகாரி பார்க்கவில்லை. நான் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாக எண்ணினேன். 'ரா' முதல் தரமே சரியாக வந்தது. கடைசி எழுத்தின் தலைப் புள்ளியை வைத்தபோது பேனை கடுதாசியைக் கொஞ்சம் குத்திவிட்டது. அந்த ஓட்டை இன்றைக்கும் காணிப் பத்திரத்தில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, எழுதுவினைஞரின் கையெழுத்தில் திகதி இருக்கிறது: 1957ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பதினான்காம் திகதி, புதன்கிழமை.